மூன்று மாத்திரையும் பார்த்தாச்சு: ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மருந்தே இல்லைன்னு ஒத்துக்கலாமா?

செப்டம்பர் 9, காலை (கேள்வி கேட்டவர்)

பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின். ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நீடிக்கும் வலியும் அசதியும்) என்று எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். மூன்றும் பார்த்தாச்சு, ஒன்றும் கேட்கவில்லை. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி, எழுந்தால் அசதி, பேச நினைத்த வார்த்தை வாய்க்கு வராது. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். இதற்கு மருந்தே இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன?

செப்டம்பர் 9, இரவு (பதில் சொல்பவர்; இனி ஆள் குறிக்காத பதிவெல்லாம் இவருடையது)

கேட்கவில்லை என்று முடிவு கட்டுமுன் மூன்று விவரம் வேண்டும். எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், கூடவே வேறென்ன மாத்திரை. இந்த மூன்றும் தெரியாமல் "பார்த்தாச்சு" என்பது, உலை வைத்து இரண்டு நிமிஷத்தில் இறக்கிவிட்டு இது வேகாத அரிசி என்பது போல.

செப்டம்பர் 10

விவரம் வரட்டும். அதுவரை மூன்றையும் எப்படிப் போட வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் தங்கள் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து டாக்டரிடம் பேசலாம்.

அமிட்ரிப்டிலின். ஆரம்பம் 10 மி.கி., இரவு ஏழு ஏழரைக்கு. படுக்கும்போது அல்ல, இதுதான் பலரும் தவறவிடுவது. 11 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை பத்து வரை தலை கனக்கும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி முன்னால் போட்டால் அந்த மந்தம் பாதியாகும். 10-உம் தாங்காத உடம்பென்றால் 5 (மாத்திரையைப் பாதியாக்கும் கட்டர் மெடிக்கலில் கிடைக்கும்). ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி 25 வரை. தூக்கம் முதல் வாரத்திலேயே தெரியும். வலி குறைய நாலு முதல் ஆறு வாரம். வாய் வறளும், மலச்சிக்கல் வரும், எடை ஏறலாம். க்ளாகோமா (கண் அழுத்த நோய்), புராஸ்டேட்டால் சிறுநீர் தடை, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள். வயதானவர்களுக்கு ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுத்தான்.

டுலாக்செடின். 30 மி.கி., காலை, வயிறு நிறைய இட்லி சாப்பிட்ட பிறகு. ஒரு வாரம், தாங்காவிட்டால் இரண்டு வாரம். பிறகு 60. அதற்கு மேல் 120 வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். வலிக்குக் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. முதல் வாரம் குமட்டும், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். ஆனால் நாலாம் நாளே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். உள்ளே இருக்கும் மணிகளுக்கு அமிலம் தாங்கும் பூச்சு உண்டு. கேப்ஸ்யூலைப் பிரித்து, மணிகளை மென்றோ பொடித்தோ சாப்பிட்டால் மருந்து வயிற்று அமிலத்திலேயே கெட்டுவிடும். கல்லீரல் கோளாறு, தினசரிக் குடி இருந்தால் கூடாது. ரத்த அழுத்தம் லேசாக ஏறலாம்.

பிரிகாபலின். மருந்துத் தாளில் இருப்பது: 75 மி.கி. காலை, இரவு. ஒரு வாரத்தில் 150 காலை, இரவு. உச்சம் ஒரு நாளைக்கு 450. அப்படியே ஏற்றினால் பலருக்குத் தலை சுற்றும். இரவில் மட்டும் 50 அல்லது 75 என்று ஆரம்பித்து வாரத்துக்கு ஒரு படி ஏறுவது நல்லது. கணுக்கால் வீக்கம், எடை, பார்வை மங்கல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இது கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் சீட்டு எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரிகாபலினை ஆராய்ச்சிகளில் 300 முதல் 600 மி.கி. வரை கொடுத்து, மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். வலி பாதியாகக் குறைந்தவர்கள் 100 பேருக்குச் சுமார் 10 பேர் அதிகம். அவ்வளவுதான். மற்ற இரண்டின் கதையும் இதைவிடப் பிரமாதமில்லை. ஆனால் அந்தப் பத்தில் நீங்கள் உண்டா என்று கண்டுபிடிக்க ஒழுங்காக ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 12 (மருந்துக்கடைக் கவுண்டரிலிருந்து)

ஒன்று விட்டுவிட்டீர்கள். எங்களிடம் வரும் சீட்டில் தனி பிரிகாபலின் அபூர்வம். பிரிகாபலின் 75 + மெத்தில்கோபாலமின் (பி12 வைட்டமின்) 1500 மைக்ரோகிராம், அல்லது பிரிகாபலின் 75 + நார்ட்ரிப்டிலின் (அமிட்ரிப்டிலின் வகை) 10, அல்லது மூன்றும் ஒரே மாத்திரையில். ஜனங்கள் "நரம்பு மாத்திரை" என்றுதான் கேட்பார்கள். சிவப்பு அட்டை, பச்சை அட்டை என்று நிறம் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. தலை சுற்றுகிறது என்று திருப்பிக் கொண்டு வருவார்கள். எந்த மருந்தால் சுற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 12, மாலை

இதுதான் விஷயமே. கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பிரிகாபலின் 150 வேண்டுமென்றால் நார்ட்ரிப்டிலினும் இரட்டிப்பாகும். வாய் வறண்டால் அது யார் வேலை, கால் வீங்கினால் அது யார் வேலை என்று பிரிக்க முடியாமல் இரண்டையுமே கைகழுவ வேண்டிவரும். பி12 குறைவு ரத்தத்தில் தெரிந்தால் அதைத் தனியாகச் சரி செய்யலாம். குறைவே இல்லாதவருக்கு மெத்தில்கோபாலமின் ஃபைப்ரோமயால்ஜியா வலியைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. கேட்டு வாங்குங்கள்: "டாக்டர், இதைத் தனித் தனியாக எழுதித் தர முடியுமா?" பெரும்பாலும் எழுதித் தருவார்கள். கேட்பவர்கள்தான் இல்லை.

செப்டம்பர் 13

கவுண்டர்காரர் சொன்னதிலிருந்து இன்னொன்று ஞாபகம் வந்தது. அசிக்ளோஃபெனாக்கோடு தயோகோல்கிகோசைடு சேர்ந்த தசைத் தளர்த்தி மாத்திரை. உடம்பு வலி என்றாலே இதுதான் கைக்கு வரும். அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா எல்லாம் வீக்கத்தைக் குறைப்பவை. இந்த நோயில் தசையிலும் மூட்டிலும் வீக்கமே இல்லை, குறைக்க எதுவும் கிடையாது. முழங்கால் தேய்மானமும் கூடவே இருந்தால் அந்த முழங்காலுக்கு உதவும், மற்றபடி வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். தயோகோல்கிகோசைடை வாய்வழி 7 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-இலேயே வரம்பு போட்டது. உடலில் அது உடைந்து உண்டாகும் பொருள் செல்லில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்பது காரணம். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. வருஷக்கணக்கில் நீளும் நோய்க்கு ஏழு நாள் மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறோம்.

ஸ்டீராய்டும் அப்படித்தான். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டு கேட்காது. பெயர் தெரியாத "வாத சூரணம்" மூன்றாம் நாளே வலியை நிறுத்திவிட்டது என்று யாராவது சொன்னால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அப்படியானால் அந்த வலி ஃபைப்ரோமயால்ஜியாதானா என்ற சந்தேகமும் வர வேண்டும்.

செப்டம்பர் 15 (கேள்வி கேட்டவர்)

கேட்ட விவரம். பிரிகாபலின் 75 + நார்ட்ரிப்டிலின் 10, காலை, இரவு: நாலு நாள், தலைசுற்றல். டுலாக்செடின் 20: பத்து நாள், குமட்டல். அமிட்ரிப்டிலின் 25, இரவு 11 மணிக்கு: இரண்டு நாள், மறுநாள் எழவே முடியவில்லை.

செப்டம்பர் 15, இரவு

ஆக மொத்தம் பதினாறு நாள். மூன்று மருந்தில் ஒன்றுகூட இன்னும் பார்க்கப்படவில்லை. முதலாவது கூட்டு மாத்திரை, அதுவும் இரண்டு வேளையாக ஆரம்பம். இரண்டாவது அளவு போதாது, நாளும் போதாது. மூன்றாவது இரண்டரை மடங்கு அதிகத்தில் ஆரம்பித்து, நேரமும் தப்பு. குறை நோயாளியிடம் இல்லை. ஃபைப்ரோமயால்ஜியா இருக்கும் உடம்புக்கு வலி மட்டுமல்ல, வெளிச்சம், சத்தம், வாசனை, மருந்தின் பக்கவிளைவு எல்லாமே தூக்கலாகத் தெரியும். மற்றவர்கள் ஆரம்பிக்கும் அளவில் இவர்கள் ஆரம்பிக்கக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ஆறு வாரம். நோட்டில் தினமும் மூன்று எண்: வலி, தூக்கம், அசதி, ஒவ்வொன்றும் 10-க்கு எத்தனை. ஆறு வாரம் கழித்து முதல் வாரச் சராசரியையும் கடைசி வாரச் சராசரியையும் பாருங்கள். 7 இருந்தது 5 ஆனால் அது வெற்றி. பூஜ்யம் ஆகும் என்று காத்திருந்தால் எல்லா மருந்தும் தோல்விதான்.

செப்டம்பர் 17

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், பின்னால் வருகிறது. அது ஃபைப்ரோமயால்ஜியாதானா?

பழைய கணக்கு 1990-இல் வந்தது: உடம்பில் 18 புள்ளிகள், 4 கிலோ அழுத்தத்தில் 11-இல் வலித்தால் உண்டு. அழுத்துகிற டாக்டரின் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தம். ஒருவர் நகம் சீக்கிரம் வெளுக்கும், இன்னொருவருக்கு வெளுக்கவே வெளுக்காது, அதனால் கணக்கும் ஆளுக்கு ஆள் மாறியது. 2010-இல் விரலை விட்டுவிட்டுக் கேள்விக்கு வந்தார்கள், 2016-இல் அதைத் திருத்தினார்கள். இப்போதைய கணக்கு: 19 இடங்களில் போன வாரம் எத்தனையில் வலித்தது என்று எண்ணுங்கள். அசதி, விழிக்கும்போது தெளிவின்மை, மறதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இந்த இரண்டாவது பகுதிக்கு மொத்தம் 12. வலி இடம் 7-உம் அதற்கு மேலும், இரண்டாவது பகுதி 5-உம் மேலும் இருந்தால் பொருந்தும். இடம் 4 முதல் 6 என்றால் இரண்டாவது பகுதி 9 வேண்டும். உடம்பின் ஐந்து பகுதிகளில் நாலிலாவது வலி, மூன்று மாதமாக. வேறு நோய் இருந்தாலும் இது கூடவே இருக்கலாம் என்பது 2016-இன் முக்கியமான திருத்தம்.

பார்க்க வேண்டிய ரத்தம் குறைவுதான்: ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சியைக் காட்டுபவை), டி.எஸ்.எச். (தைராய்டு), சர்க்கரை, கால்சியம், ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ், வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), தசை பலவீனம் இருந்தால் சி.பி.கே. (தசைச் சேதத்தைக் காட்டுவது). மூட்டு வீங்காமல், தோல் தடிப்பு இல்லாமல் ஏ.என்.ஏ. (லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயைத் தேடும் பரிசோதனை) எடுக்காதீர்கள். ஆரோக்கியமான பலருக்கும் அது லேசாகப் பாசிட்டிவ் வரும், லூபஸ் பயம்தான் மிச்சம்.

நம் ஊரில் ஏமாற்றுபவை நாலு. ஒன்று வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாவது: வலி எலும்பில் இருக்கும், தரையிலிருந்து எழவும் படி ஏறவும் தொடை ஒத்துழைக்காது, ஆல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் ஏறியிருக்கும். இரண்டு தைராய்டு. மூன்று சிக்குன்குனியா: காய்ச்சல் போய் மாதக்கணக்கில் மூட்டு பிடித்துக்கொள்ளும். 2006 அலையில் தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பரிச்சயமானது. நாலு, கொலஸ்ட்ராலுக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரை தரும் தசை வலி. இன்னொன்று, வயது 50-க்கு மேல், இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் காலையில் முக்கால் மணிக்கு மேல் விறைப்பு, ஈ.எஸ்.ஆர். உயர்வு என்றால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா. பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கும், அதற்கு ஸ்டீராய்டு கேட்கும். நாலு என்று சொல்லி ஐந்து எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

எங்கே போவது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்கு (வாதநோய் மருத்துவம்) தனி நிலையமே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் தனித் துறை உண்டு. முதல் சந்திப்புக்கு நோட்டும் பழைய மாத்திரை அட்டைகளும் போதும், எக்ஸ்ரே மூட்டை வேண்டாம்.

செப்டம்பர் 18

நேற்று வைட்டமின் டி பற்றி எழுதியதில் விட்டுப்போனது, அவசரம். குறைவுக்குத் தரும் வைட்டமின் டி 60,000 ஐ.யு. என்பது வாரத்துக்கு ஒன்று, பொதுவாக 8 வாரம். அட்டையில் நாலும் எட்டும் இருப்பதால் தினமும் போட்டுக் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போவது அடிக்கடி நடக்கிறது. பால் அல்லது நெய் உள்ள சாப்பாட்டோடு. ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 24

மருந்து பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2016-இல் சிகிச்சைகள் அத்தனையையும் அலசி, "உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்" என்று ஒரே ஒன்றுக்குத்தான் முத்திரை போட்டது: உடற்பயிற்சி. மாத்திரை எல்லாம் "செய்து பார்க்கலாம்" வரிசையில்.

நடைமுறையில் இது கெட்டுப்போகும் விதம் எப்போதும் ஒன்றே. நல்ல நாள் வரும். அன்று நாலு கிலோமீட்டர் நடந்து, வீடு கழுவி, துணி அலசிப் பிழிந்து காயப்போட்டு, மறுநாளிலிருந்து மூன்று நாள் படுக்கை. பிறகு "உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்காது".

அளவு இப்படி: மோசமான நாளிலும் எவ்வளவு நடக்க முடியும்? 10 நிமிஷமா? அதில் பாதி, 5 நிமிஷம், காலை, மாலை. நல்ல நாளிலும் 5 நிமிஷம்தான். ஆசைப்பட்டாலும் கூட்டாதீர்கள். வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடிந்தால் வேகம் போதாது.

செப்டம்பர் 25 (பிசியோதெரபிஸ்ட்)

5 நிமிஷத்துக்கு 10 சதவீதம் என்றால் 30 விநாடி. ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டா நடப்பார்கள்? சதவீதம் அரை மணி நடப்பவர்களுக்குச் சரி. ஆரம்பத்தில் ஒரு நிமிஷம் கூட்டுங்கள், அதைவிட முக்கியம் கூட்டலாமா என்று முடிவு செய்யும் விதி: பயிற்சிக்குப் பிறகு 48 மணி நேரம் பாருங்கள். வலி லேசாக ஏறி இரண்டு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்தால் அந்த அளவு சரி. வராவிட்டால் முந்தைய படிக்கு இறங்கி ஒரு வாரம்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார 8 முறை. சுவரில் கை வைத்துத் தண்டால் 8. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கையில், அது அரை கிலோ, முழங்கை மடக்க 8. எட்டும் சுலபமானால் 10, பிறகு 12, பிறகு ஒரு லிட்டர் பாட்டிலோடு மீண்டும் 8. எடையை இறக்குவதை மெதுவாகவே செய்தாலும் நீட்டிக்கொண்டு போக வேண்டாம், பழகாத தசையில் மறுநாள் வலியைத் தருவது இறக்கும் பாதிதான்.

யோகா கேட்பவர்களுக்கு: முதல் நாளே 12 சுற்று சூரிய நமஸ்காரம் வேண்டாம். மணிக்கட்டும் தோளும் மூன்று நாள் பேசாது. நாற்காலி யோகா, மூச்சு, பிறகு நின்ற ஆசனங்கள்.

செப்டம்பர் 25, இரவு

வாபஸ். 48 மணி விதி என் சதவீதத்தைவிட நல்லது. மேலே இருப்பதை அழிக்கவில்லை, இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

தாய் சி-யையும் (மெதுவாக அசையும் சீனப் பயிற்சி) சேர்க்கலாம். 2018-இல் அமெரிக்காவில் 226 பேரை வைத்து ஓட்டம்-நடை வகைப் பயிற்சியோடு ஒப்பிட்டபோது தாய் சி சமமாகவோ மேலாகவோ வந்தது. மெதுவாக அசைந்து மூச்சைக் கவனிக்கும் எதுவும் ஏறக்குறைய அதே குடும்பம் என்பது என் ஊகம். நீச்சல் தெரியாதவர்கள் மார்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்தாலே போதும்.

அக்டோபர் 2

தூக்கம். 1975-இல் மோல்டோஃப்ஸ்கி குழுவினர் கனடாவில் பார்த்தது: இந்த நோயாளிகளின் ஆழ்ந்த தூக்க அலைக்குள் விழிப்பு அலை வந்து கலக்கிறது. நலமானவர்களின் ஆழ்ந்த தூக்கத்தைச் சத்தம் போட்டுக் கலைத்தாலும் அவர்களுக்கு இதே உடம்பு வலி வந்தது. எட்டு மணி நேரம் படுத்தும் "தூங்கின மாதிரியே இல்லை" என்பதற்கு அர்த்தம் இதுதான்.

எழும் நேரத்தைப் பிடியுங்கள், படுக்கும் நேரத்தை அல்ல. ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் காலை 6 என்றால் 6. பகல் தூக்கம் 20 நிமிஷம், மூன்று மணிக்கு முன். ஃபில்டர் காபி மதியம் இரண்டோடு சரி. (இதற்கு வரும் எதிர்ப்பு மருந்துக்குக்கூட வருவதில்லை.) 20 நிமிஷம் போலப் புரண்டால் எழுந்து வேறு அறை, மங்கிய வெளிச்சம், தூக்கம் வந்த பிறகே படுக்கை. குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் ஸ்லீப் ஆப்னியா பரிசோதனை. அதை விட்டுவிட்டு எந்த மாத்திரையும் உதவாது.

அக்டோபர் 5

மேலே அமிட்ரிப்டிலினைத் தூக்கத்துக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஒரு வாசகர் தனிச் செய்தியில் கேட்டது: "போட்ட பிறகு ராத்திரி கால் குடைச்சல் அதிகம், காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது." படுத்தால் குடையும், எழுந்து நடந்தால் அடங்கும் என்றால் அது ஓய்வில்லாக் கால் நோய். அமிட்ரிப்டிலினும் டுலாக்செடினும் அதைக் கிளப்பிவிடும், பிரிகாபலின் அடக்கும். அவருக்கு மருந்துத் தேர்வே தலைகீழாக வேண்டும். கூடவே ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து. ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம், அதனால்தான் செப்டம்பர் 17 பட்டியலில் சேர்த்தேன்.

அக்டோபர் 11

தீபாவளிக்கு ஒன்பது நாள். வருஷத்தில் அதிகம் பேர் படுக்கையில் விழும் வாரம் இது.

ஒட்டடை, பரண், பாத்திரம், பலகாரம் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க வேண்டாம். தலைக்குமேல் கை தூக்கும் வேலை (ஒட்டடை, பரண்) ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அதை வீட்டில் வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது, அவர்கள் கையும் கைதான். முறுக்கு பிழிவது மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் மகா கெட்டது. இரண்டு கையால் அழுத்தும் பித்தளை நாழியை விட்டுவிட்டுத் திருகு அச்சு எடுங்கள், மாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிசையுங்கள். அரிவாள்மனையில் குனிந்து உட்காருவதற்குப் பதில் மேஜை, கத்தி. குடத்தை ஒரு பக்க இடுப்பில் தூக்காமல் இரண்டு சின்ன வாளி. 20 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் உட்காருதல். மணி அடித்தால் பாகு பதத்தில் இருந்தாலும் யாரையாவது கிளறச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். வலி சொல்லும் வரை காத்திருந்தால் ஏற்கெனவே தாமதம்.

அக்டோபர் 14

"கூகுளில் பார்த்தேன், இது டிப்ரஷன் மாத்திரை, எனக்குப் பைத்தியம் என்று நினைக்கிறார்களா?" இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு 75 முதல் 150. இங்கே 10, 25. அந்த அளவில் அது மனச்சோர்வைத் தொடாது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கி வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் ஒரு பாதை உண்டு, அது நார்அட்ரினலினாலும் செரடோனினாலும் ஓடுகிறது. அந்தப் பாதை இந்த நோயில் மந்தம், இந்த மருந்துகள் அதைத் தூக்கிவிடுகின்றன. செரடோனினை மட்டும் தொடும் மனச்சோர்வு மாத்திரைகள் ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு அவ்வளவாகக் கேட்காததும் இதனால்தான்.

"எல்லாம் மனசுதான்" என்று சொல்லும் உறவினருக்கு: 2021-இல் லண்டன், லிவர்பூல், ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதத்தை எலிக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு அழுத்தமும் குளிரும் வலிக்க ஆரம்பித்தன. எலிக்கு மாமியார் பிரச்சினை கிடையாது.

அக்டோபர் 15

மருந்துகளைச் சேர்ப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பிரிகாபலினும் டுலாக்செடினும், தனித்தனியாகப் பார்த்த பிறகு, சேர்த்துப் போடுவது வழக்கம்தான். டுலாக்செடினும் அமிட்ரிப்டிலினும் சேரும்போது கவனம்: அமிட்ரிப்டிலினை உடைக்கும் கல்லீரல் என்சைமை டுலாக்செடின் தடுக்கிறது, 10 போட்டாலும் ரத்தத்தில் அதைவிட அதிகம் போட்டது போல ஏறும். ட்ரமடாலோடு (ஓபியாய்டு வகை வலி மாத்திரை) இன்னும் மோசம். ட்ரமடால் வேலை செய்ய அதே என்சைம் வேண்டும், தடுத்துவிட்டால் வலிக்குக் கேட்காது. ஆனால் செரடோனின் மட்டும் கூடி நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். ட்ரமடால் 2018-லிருந்து இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ். சீட்டில்லாமல் கேட்டுக் கவுண்டர்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

அக்டோபர் 28

பண்டிகை முடிந்து வந்திருப்பவர்களுக்கு, சில்லறைச் சிகிச்சைகள்.

டென்ஸ் கருவி (தோலில் பட்டை ஒட்டி லேசான மின்சாரம் செலுத்துவது): கழுத்துக்குக் கீழே மேல்முதுகில் ஒரு ஜோடி, இடுப்புக்கு மேலே ஒரு ஜோடி. வலிக்காமல் தாங்கக்கூடிய உச்ச வீரியத்தில் வையுங்கள். லேசாகக் கூச்சம் வருகிற அளவில் வைத்தால் வீண், பெரும்பாலோர் செய்யும் தவறு அதுதான். வேலை செய்யும்போதும் நடக்கும்போதும் மாட்டியிருக்க வேண்டும், படுத்திருக்கும்போது அல்ல. இது குறைப்பது அசையும்போது வரும் வலியை. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குக் கூடாது.

ஒத்தடம், வெந்நீர்க் குளியல்: 15–20 நிமிஷம், தாராளமாக. சூட்டுப் பையின் மேல் தூங்க வேண்டாம், சர்க்கரையால் கால் மரத்தவர்கள் முழங்கையால் சூடு பார்த்துவிட்டு. எண்ணெய் தேய்ப்பது, சித்தத்தில் சொல்லும் தொக்கணம், மென்மையாகச் செய்தால் இதம். "முடிச்சை எடுக்கிறேன்" என்று கட்டைவிரலால் குத்துபவரிடம் போகாதீர்கள்.

குறைந்த அளவு நால்ட்ரெக்ஸோன் (ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும் மருந்து): இணையத்தில் இதற்குப் பெரிய பெயர். டென்மார்க்கில் 99 பெண்களிடம் 6 மி.கி. கொடுத்துப் பார்த்ததில் வலியில் வெற்று மாத்திரையைத் தெளிவாக வெல்லவில்லை, மறதி மட்டும் கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. ட்ரமடால் எடுப்பவர்கள் தொடவே கூடாது.

புதியது: ஆகஸ்ட் 2025-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நாக்கின் கீழ் கரையும் சைக்ளோபென்சாப்ரினை (தசைத் தளர்த்தி) அனுமதித்தது. அதற்கு முன் அங்கே இந்த நோய்க்கு அனுமதி பெற்றவை மூன்றுதான்: பிரிகாபலின் 2007, டுலாக்செடின் 2008, மில்னாசிப்ரான் (டுலாக்செடின் வகை) 2009, அதோடு நின்றிருந்தது. அந்த மூன்றுக்குமே ஐரோப்பா இந்த நோய்க்கு அனுமதி மறுத்தது தனிக் கதை. நாக்கின் கீழ் ஏன்? விழுங்கினால் கல்லீரல் அதை நாள்கணக்கில் தங்கும் வேறொரு பொருளாக மாற்றும், பகலில் தூங்கி வழிய வைக்கும். இரவு 2.8 மி.கி., இரண்டு வாரம் கழித்து 5.6. வேதியியலில் இது அமிட்ரிப்டிலினின் சித்தப்பா மகன். அண்ணன் 10 மி.கி. மாத்திரையாக இங்கேயே மலிவாகக் கிடைக்கிறார்.

நவம்பர் 6 (கேள்வி கேட்டவர்)

அமிட்ரிப்டிலின் 5, ஏழு மணிக்கு, பிறகு 10. ஐந்தாவது வாரம். நோட்டில் தூக்கம் 3-லிருந்து 6, வலி 8-லிருந்து 6. நடை 9 நிமிஷம். வாய் மட்டும் வறள்கிறது. இதை எப்போது நிறுத்தலாம்?

நவம்பர் 6, இரவு

இப்போது வேண்டாம். இதே அளவில் ஆறு மாதம் போகட்டும், நடை 30 நிமிஷம் ஆகட்டும். வாய்க்குச் சர்க்கரை இல்லாத சூயிங் கம், பல்லைக் கவனியுங்கள், உமிழ்நீர் குறைந்தால் சொத்தை சீக்கிரம் வரும். நிறுத்தும்போது இரண்டு வாரம் 5, பிறகு நிறுத்தம். டுலாக்செடின் போடுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: 60-லிருந்து 30-க்கு இரண்டு வாரமாவது, பிறகு 20-க்கு இரண்டு வாரம். திடீரென்று விட்டால் தலைக்குள் கரண்ட் அடிப்பது போல மின்னும். பிரிகாபலினையும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாக.

வலி 6-லேயே நின்றால் ஜனவரியில் டாக்டரிடம் பிரிகாபலின் 50, இரவு மட்டும், தனி மாத்திரையாகக் கேளுங்கள்.

நவம்பர் 7

தனி மாத்திரையாக.